சட்டம் இருந்தும் ஓநாயை ஏன் சுடுகிறார்கள்?

உயர்நிலை மூன்றில் படிக்கும் உங்கள் மகள், பள்ளித் திட்டப்பணிக்காக அமெரிக்க ஓநாய்களைப் பற்றிப் படித்திருக்கிறாள். அழியும் நிலையில் உள்ள ஓநாயைக் கொன்றால் ஓராண்டு வரை சிறை, 50,000 டாலர் வரை அபராதம் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அப்படியும் ஆண்டுதோறும் சுடுகிறார்கள். பெரும்பாலும் யாரும் பிடிபடுவதில்லை. "அப்படியென்றால் அந்தச் சட்டம் எதற்கு? தண்டனையை இன்னும் கூட்டினால் சரியாகிவிடுமா?" என்று அவள் கேட்டதை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, சிங்கப்பூரில் இருந்துகொண்டு நம்மால் ஏதாவது செய்ய முடியுமா என்றும்.

தண்டனையைக் கூட்டுவதால் பெரிதாக எதுவும் மாறாது என்றே நினைக்கிறேன். ஒரு துண்டுத் தோலோ காய்ந்த இறைச்சியோ எந்த விலங்கினுடையது என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையை இங்கே ஓர் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். உடல் கிடைத்தால்தான் வழக்கு என்பது அந்த வேலையில் கற்ற முதல் பாடம். ஓநாய் விஷயத்தில் உடல் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் சுட்டவர் யாரென்று தெரிவது அதைவிட அபூர்வம். ஆள் தெரிந்த பிறகும், "அது ஓநாய் என்று எனக்குத் தெரியாது" என்ற ஒரு வார்த்தையில் தப்பிக்க வழி இருக்கிறது. அந்த வழி எப்படி வந்தது என்பதில் தொடங்குகிறேன்.

1995 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் 14 ஓநாய்களைப் பிடித்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஓநாய்கள் வேட்டையாடி ஒழிக்கப்பட்டு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்தவற்றில் ஒரு பெரிய ஆணுக்கு 10 என்று எண். அதோடு ஜோடி சேர்ந்த பெண்ணுக்கு 9. அடைப்பிலிருந்து திறந்துவிட்டதும் இரண்டும் பூங்கா எல்லையைத் தாண்டி, மொன்டானாவின் ரெட் லாட்ஜ் என்ற ஊர்ப்பக்கம் போயின. ஏப்ரல் 24 அன்று அங்கே ஒருவர் 10-ஐச் சுட்டுக் கொன்றார். தோலையும் தலையையும் எடுத்துப் போனார். அதன் கழுத்துப் பட்டை தனியாக வீசப்பட்டுக் கிடந்தது. கிட்டத்தட்ட அதே நாட்களில் 9 ஒரு மரத்தடியில் எட்டுக் குட்டிகளை ஈன்றிருந்தது. குட்டி போட்ட ஓநாய்க்கு இரை கொண்டுவந்து தருவது ஆண்தான். அது இல்லாமல் எட்டும் பிழைத்திருக்காது. அதிகாரிகள் தாயையும் குட்டிகளையும் பூங்காவுக்கே தூக்கிவந்து, இறைச்சி போட்டு வளர்த்து, பிறகு விட்டார்கள். யெல்லோஸ்டோனில் பின்னாளில் பெருகிய பல கூட்டங்கள் அந்தத் தாயின் வழி வந்தவை. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தக் குட்டிகளைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

சுட்டவர் நீதிமன்றத்தில், காட்டு நாய் என்று நினைத்தேன் என்றார். நடுவர்கள் ஏற்கவில்லை, குற்றவாளி என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டிலும், 1998-இல், அதே தீர்ப்பு நின்றது. ஒரு விலங்கைச் சுடுகிறோம் என்று தெரிந்து சுட்டால் போதும், அது எந்த இனம் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்குப் போனபோது, அமெரிக்க நீதித்துறை தானாகவே பின்வாங்கியது. இனி இப்படிப்பட்ட வழக்குகளில், சுட்டவருக்கு அது ஓநாய் என்று தெரிந்தே இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும் என்று அரசு வழக்குரைஞர்களுக்குச் சொல்லிவிட்டது. குற்றவாளியின் பெயரால் இதை மெக்கிட்ரிக் கொள்கை என்கிறார்கள். விலங்கு நல அமைப்புகள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2017-இல் அரிசோனாவில் ஒரு நீதிபதி கொள்கை சட்டவிரோதம் என்றார். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குத் தொடர அந்த அமைப்புகளுக்குத் தகுதி இல்லை என்று அதைத் தள்ளிவிட்டது.

ஒருவர் மனத்துக்குள் என்ன நினைத்தார் என்பதை எப்படி நிரூபிப்பது? அதுவும் அங்கே கொயோட்டி என்றொரு விலங்கு உண்டு. ஓநாயின் சிறிய உறவு. பல மாநிலங்களில் கணக்கு வழக்கில்லாமல் சுடலாம். மெக்சிகோ ஓநாய் மற்ற சாம்பல் ஓநாய்களைவிட உருவத்தில் சிறியது என்பதால், தூரத்தில் நிற்கும்போது கொயோட்டி என்று சொன்னால் மறுப்பது கடினம். இந்த மெக்சிகோ ஓநாய், காட்டில் கடைசியாகப் பிடிபட்டவையும் சேர்த்து வெறும் ஏழு விலங்குகளின் வம்சம். 1998-இல் 11 ஓநாய்களை அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லைக் காட்டில் விட்டார்கள். 2024 இறுதியில் எடுத்த கணக்கில் குறைந்தது 286 இருந்தன. இத்தனைக்கும் நடுவில், அவற்றின் சாவுக்குத் தெரிந்த காரணங்களில் சட்டவிரோதக் கொலைதான் முதலிடம். வட கரோலினாவின் செந்நிற ஓநாயின் நிலை இன்னும் மோசம். 1987-இல் திரும்ப விடத் தொடங்கி நூறைத் தாண்டிய எண்ணிக்கை, ஒரு கட்டத்தில் பத்துக்கும் கீழே போய்விட்டது. இப்போது அவற்றுக்கு ஆரஞ்சு நிறக் கழுத்துப் பட்டை போடுகிறார்கள். "தெரியவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா? எளிய காரியம், தண்டனையை இரட்டிப்பாக்குவதைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

அடுத்தது உடல் கிடைக்காத சிக்கல். ஓநாய் வாழும் நாட்டுப்புறங்களில் ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு: சுடு, புதை, வாயை மூடு. இது எவ்வளவு நடக்கிறது என்பதை ஸ்வீடன், நார்வே ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2012-இல் வெளியிட்டார்கள். இருக்கும் இடத்தைக் காட்டும் வேவுக் கருவியைக் கழுத்துப் பட்டையில் பூட்டிய ஓநாய்கள் சில, நோயின் அறிகுறியோ கருவிப் பழுதோ இல்லாமல் திடீரென்று மறைந்துபோகின்றன. அவற்றையும் பனியில் கால்தடம் பார்த்து எடுத்த கணக்கையும் ஒப்பிட்டார்கள். அங்கே ஓநாய்ச் சாவுகளில் ஏறக்குறைய பாதி திருட்டுக் கொலை. அந்தக் கொலைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் யார் கண்ணிலும் படாதவை. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் கொலை நடக்காமல் இருந்திருந்தால் ஓநாய்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்திருக்கும் என்று வந்தது முடிவு. ஸ்வீடன் சட்டம் ஒழுங்குக்குப் பேர்போன நாடு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வேவுக் கருவி என்று சொன்னேனே, அதன் செயல்பாட்டை உங்கள் மகள் தன் பணியில் வரைந்து காட்டலாம். பட்டைக்குள் அசைவை உணரும் பொறி இருக்கிறது. சில மணி நேரம் விலங்கு அசையவே இல்லையென்றால் சமிக்ஞையின் துடிப்பு மாறும். வெளியே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, அது செத்திருக்கலாம் என்று புரிந்துவிடும். 2021 பிப்ரவரியில் ஓரிகன் மாநிலத்தின் கிழக்கே அப்படி ஒரு சமிக்ஞை வந்து, போலீஸ்காரர்கள் போய்ப் பார்த்தால் ஒரு கூட்டத்தின் ஐந்து ஓநாய்களும் பக்கத்தில் ஒரு பறவையும் செத்துக் கிடந்தன. விஷம். அடுத்த மாதங்களில் மேலும் மூன்று. விஷத்தில் உள்ள கொடுமை, வைத்தவர் அங்கே இருக்கவே தேவையில்லை. தின்றது ஓநாயா, கழுகா, யாரோ வளர்த்த நாயா என்றும் அதற்குத் தெரியாது. ஸ்பெயினில் 2004 முதல் விஷ இறைச்சியை மோப்பம் பிடிக்கும் நாய்களைப் பழக்கி, காவலர்களோடு சந்தேகப்படும் நிலங்களில் நடத்திப் போகிறார்கள். அந்த நாய்கள் வரும் என்று தெரிந்தாலே விஷம் வைக்கப் பயப்படுகிறார்கள். பிடிபடுவோம் என்ற பயம்தான் கையைக் கட்டும். எத்தனை ஆண்டுச் சிறை என்பது அப்புறம்தான்.

தண்டனையிலும் எல்லாம் ஒன்றல்ல. நியூ மெக்சிகோவில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர், பொறியில் சிக்கிய மெக்சிகோ ஓநாய்க் குட்டியை மண்வெட்டியால் அடித்ததாக 2018-இல் ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் விதித்த தொகை சில ஆயிரம் டாலர், ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. ஆனால் அரசு வன நிலத்தில் மாடு மேய்க்க அவருக்கு இருந்த அனுமதியை வனத்துறை ரத்து செய்துவிட்டது. மேய்ச்சல் நிலம் போனால் பண்ணையே போன மாதிரி. அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் அபராதத்தைவிட இந்த ரத்துதான் அதிகம் பேசப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

இவ்வளவு சொன்னாலும், துப்புத் துலக்குவதாலேயே ஓநாய் பிழைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஓநாயைச் சுட்டவரைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரியும். தேநீர்க் கடையில் இருப்பவருக்கும் தெரியும். அவர்கள் வாய் திறப்பதில்லை. அவர்களுக்குச் சுட்டவர் வேண்டியவர், ஓநாய் வேண்டாதது. இந்த மௌனம் உடையாத வரை எந்தச் சட்டமும் காட்டுக்குள் போய்ச் சேராது.

நம் ஊரை வைத்து யோசித்துப் பாருங்கள். பீஷானிலும் காலாங் ஆற்றிலும் நீர்நாய்கள் திரும்ப வந்தபோது எவ்வளவு கொண்டாடினோம்! குட்டி போட்டால் செய்தி, சாலையைக் கடந்தால் காணொளி. ஆனால் அதே நீர்நாய்கள் தரைவீடுகளின் குளத்தில் புகுந்து, வருஷக்கணக்கில் வளர்த்த கொயி மீன்களை ஒரே காலையில் தின்றுவிட்டுப் போனபோது, அந்த வீட்டுக்காரர்களின் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இழந்தது பொழுதுபோக்கு. அதற்கே அவ்வளவு கோபம் வருகிறது. ஓர் இரவில் பத்து ஆடு போனால் அந்த ஆண்டு பிள்ளையின் படிப்புச் செலவே போயிற்று என்று இருப்பவரின் நிலையை நினையுங்கள்.

அந்த நிலை அமெரிக்காவில் இருப்பதைவிட இந்தியாவில் நமக்கு நெருக்கமாகப் புரியும். தமிழில் ஓநாய் என்றாலே "ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்" என்ற பழமொழிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பல தலைமுறை ஆட்டுக்காரர்களின் எரிச்சல் அதில் இருக்கிறது. இந்தியாவில் இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய மூவாயிரம் ஓநாய்கள், புலிகளைவிடக் குறைவு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான இடத்தில், ஓநாயும் இருக்கிறது. ஆனால் புலிக்குக் காப்பகம் இருக்கிறது. ஓநாய் பெரும்பாலும் காப்பகங்களுக்கு வெளியே, மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் ராஜஸ்தானிலும், அரசு ஏட்டில் தரிசு என்று எழுதப்பட்ட புல்வெளிகளில் வாழ்கிறது. தரிசு என்று பெயர் வைத்துவிட்டால் அங்கே எதையும் கட்டலாம், எதையும் நடலாம். இரை போய்விடுகிறது, மிஞ்சுவது ஆடு. குட்டிகள் இருக்கும் வளையைப் புகை போட்டு மூடுவது, செத்த ஆட்டில் விஷம் தடவி வைப்பது எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. 2024-இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் குழந்தைகள் தாக்கப்பட்டு இறந்தபோது ஊரே தடியெடுத்து நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்று யாரும் முதல் அட்டவணையைப் படித்துக் காட்ட முடியாது.

அதே இந்தியாவில் தக்காணத்து தங்கர் இடையர்கள் செம்மறிக் கிடையோடு நூற்றாண்டுகளாக ஓநாய் நடமாடும் நிலத்தில் நடந்துகொண்டிருக்கிறார்கள். இரவில் கிடையைச் சுற்றி வலை கட்டுவார்கள், நாய் வைத்திருப்பார்கள், ஆள் விழித்திருப்பார். மந்தையில் ஓநாய்க்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லும் முதியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். இந்தப் பொறுமை ஒரு சொத்து. அரசு தரும் இழப்பீடு ஆறு மாதம் கழித்து, நாலு அலுவலகம் ஏறி இறங்கிய பிறகு பாதியாக வந்தால் அந்தச் சொத்து கரைந்துவிடும்.

இழப்பீட்டை வேறு விதமாகத் தர முடியும் என்று காட்டியது ஸ்வீடன். திருட்டுக் கொலைக்கு உதாரணமாகக் காட்டிய அதே நாடுதான். வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்களுக்கு, வால்வரின் என்ற வேட்டை விலங்கால் பெரும் இழப்பு. 1996 முதல் அங்கே செத்த மானைக் கொண்டுவந்து காட்டு, பணம் தருகிறோம் என்ற முறையை விட்டுவிட்டார்கள். அந்தச் சமூகத்தின் மேய்ச்சல் பகுதியில் வால்வரின் குட்டி போட்டது உறுதியானால், ஒவ்வொரு ஈற்றுக்கும் இரண்டு லட்சம் குரோனர் என்று ஆனது. வளையைத் தேடிக் கண்டுபிடித்து அழிப்பவர் அதற்குமுன் நட்டமில்லாதவர். இப்போது அவர் தன் ஊரின் வருமானத்தை அழிப்பவர். தாய் வால்வரின்கள் கொல்லப்படுவது குறைந்தது, எண்ணிக்கை ஏறியது. உயிரோடு இருக்கும் விலங்குக்குப் பணம், செத்த ஆட்டுக்கு அல்ல என்ற இந்த ஒரு மாற்றம், நான் படித்த எல்லாவற்றிலும் மனத்துக்கு மிகவும் பிடித்தது. உங்கள் மகள் ஒரே ஓர் உதாரணத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுக்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர் அவளிடம் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: ஊர்க்காரர்களின் கோபம் தணிய, அவர்களையே சில ஓநாய்களைச் சட்டப்படி சுட விட்டால் என்ன? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் மெக்சிகோ ஓநாய்களின் கணக்கை ஆராய்ந்து 2021-இல் வந்த ஓர் ஆய்வு, பாதுகாப்பு விதிகளைத் தளர்த்திய காலங்களில் அவை மறைந்துபோகும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் கூடியதாகச் சொல்கிறது. அரசே கொல்லலாம் என்றால் இதற்கு மதிப்பில்லை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள் போலும். இந்த ஆய்வாளர்கள் முன்பு விஸ்கான்சின் ஓநாய்களைப் பற்றிச் சொன்ன இதே போன்ற முடிவை மறுத்து எழுதியவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தையும் அவள் குறிப்பிட்டால் நல்லது. நான் முதல் பக்கம்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். நம் காட்டில் ஓநாய் இல்லை; ஆனால் இது துறைமுக நகரம், உலகத்துச் சரக்கு பாதி நம் வழியாகத்தான் போகிறது என்று சொல்லும் அளவுக்குப் போக்குவரத்து. 2019-இல் ஒரே வாரத்தில் இரண்டு கொள்கலன்களில் இருந்து 25 டன்னுக்கு மேல் எறும்புத்தின்னிச் செதில்களைப் பிடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அருகிவரும் உயிரின வணிகத்துக்கான அனைத்துலக ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் 1986-இல் சேர்ந்தது. அதன் பட்டியலில் இந்தியா, நேப்பாளம், பூட்டான், பாகிஸ்தான் ஓநாய்கள் மிகக் கடுமையான முதல் வரிசையில். மற்ற நாட்டு ஓநாய்கள் இரண்டாவதில். அனுமதி இல்லாமல் முதல் வரிசை உயிரினத்தின் தோலையோ பல்லையோ கொண்டுவந்தால், 2022 திருத்தத்துக்குப் பிறகு ஆறு ஆண்டு வரை சிறை. தேசியப் பூங்காக் கழகம் 2021-இல் வனவிலங்குத் தடயவியல் நிலையம் ஒன்றையும் அமைத்திருக்கிறது. நான் செய்துவந்த மாதிரியான வேலை இப்போது அங்கே இன்னும் நல்ல கருவிகளோடு நடப்பது எனக்கு நிம்மதி.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான். "இன்னைக்கு நரி முகத்துல முழிச்சியா?" என்று அதிர்ஷ்டம் வந்தவரைக் கேட்போம் இல்லையா? அந்த நம்பிக்கையில் நரிக்கொம்பு, நரிப்பல் என்று ஊரில் வாங்கி, கடையில் கல்லாப் பெட்டிக்குள்ளும் பர்ஸிலும் வைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த நரிக்கும் கொம்பு கிடையாது. மயிரோடு இருக்கும் தோலைச் சுருட்டி, உள்ளே எதையோ வைத்துக் கட்டித் தருகிறார்கள். அதற்காகச் சாவது ஓநாயின் நெருங்கிய உறவான குள்ளநரி. இந்தியாவில் அதைக் கொல்வதும் அதன் உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். இங்கே கொண்டுவருவதற்கும் ஆவணம் வேண்டும். அப்படி ஓர் ஆவணத்தோடு நரிக்கொம்பு விற்பவர் எவரும் இல்லை.

எனவே உங்கள் மகளின் திட்டப்பணிக்கு என் யோசனை இதுதான். அமெரிக்கச் சட்டத்தை முதல் பக்கத்தில் வைக்கட்டும், 10-ஆம் எண் ஓநாயையும் எட்டுக் குட்டிகளையும் சொல்லட்டும், சாமி மக்களின் கணக்கை விளக்கட்டும். கடைசிப் பக்கத்துக்கு, வீட்டில் தாத்தா பாட்டியிடமும் தெரிந்த கடைக்காரர்களிடமும் போய் நரிக்கொம்பைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று பேட்டி எடுக்கட்டும். யாராவது ஒன்றை எடுத்துக் காட்டினால் திட்ட வேண்டாம், படம் எடுத்து வெளியிடவும் வேண்டாம். எங்கே வாங்கியது, யார் விற்றது என்று பொறுமையாகக் கேட்கச் சொல்லுங்கள். இங்கேயே விற்பனை நடப்பது தெரிந்தால் நீங்களே தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லிவிடுங்கள். அது பிள்ளை செய்ய வேண்டிய வேலையில்லை.